குளோவிஸ் மாமாவின் மனப்பாடம்

ஒதிலியா அத்தை பக்கத்துத் தீவான குவாதலூப்புக்குக் கிளம்பிப் போனது சாம்பல் புதனன்று. கார்னிவல் முந்தைய இரவுதான் முடிந்திருந்தது. எங்கள் தீவின் தலைநகரான ரோசோவின் தெருக்களில் உடைந்த பாட்டில்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து சுற்றுலா வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்று கப்பல் நாள், சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் நாள். குளோவிஸ் மாமா வழிகாட்டி, நான் ஓட்டுநர். கப்பல்களில் வேலை பார்த்து, பிறகு வேலையில்லாமலும் பல ஊர் சுற்றி நான் திரும்பி வந்திருந்த புதிது. அந்த சீசன் முடிந்ததும் மறுபடி கிளம்பிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"பெட்டி ஒண்ணுதானா அத்தை?"

"ரெண்டு வேணும்னா உங்க மாமா தூக்கணும். அவருக்குத்தான் முதுகு வலியாச்சே."

மாமா பின்னால் ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

படகுத்துறையில் அத்தையை இறக்கினோம். குவாதலூப் படகுக்கு வரிசை நின்றது. பக்கத்துத் துறையில் எங்கள் விருந்தாளிகளின் கப்பல், ஊரையே மறைத்துக்கொண்டு நின்றது. மாமா பெட்டியைத் தூக்கி வரிசையில் வைத்தார்.

"நான் போறேன், குளோவிஸ்."

"ம்."

"அக்கா வீட்டுலதான் இருப்பேன். நீ வான்னா வந்துடுவேன். ஆனா நீயா சொல்லணும். நான் சொல்லிக் கொடுத்தது எதுவும் வேண்டாம்."

மாமா கடலைப் பார்த்தார். "இன்னிக்குக் கடல் அமைதியா இருக்கு. வயித்தைப் புரட்டாது."

அத்தை சிரித்துவிட்டாள். "பாத்தியாடி கெர்லின்? இதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்."

அவள் சொன்னது உண்மை. மாமாவின் அப்பா எங்கள் தீவின் வடக்கே இருக்கும் போர்ட்ஸ்மத்தில் வாழைத்தார்களைத் தோணியில் ஏற்றி, வெளியே நிற்கும் கப்பலுக்குத் துடுப்புப் போட்டுக் கொண்டுபோனவர். மாமாவும் துடுப்பில் வளர்ந்தவர். அங்கே ஓடும் இண்டியன் ஆற்றில் இஞ்சினுக்கு அனுமதி கிடையாது. விருந்தாளிகளை உட்காரவைத்துக் கையால்தான் ஓட்டிப் போக வேண்டும். மாமா இளைஞராக இருந்தபோது, கடைசி முனை வரை ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வாயைத் திறக்க மாட்டார். ஊமைப் படகோட்டி என்று விருந்தாளிகள் பரிதாபப்பட்டு அதிகமாக டிப்ஸ் கொடுத்ததாகக் கேள்வி.

பிறகு ஆறு, அருவி, சந்தை மூன்றையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலா வந்தது. அதற்குப் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். அத்தை சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அமெரிக்கக்காரி மாதிரி காலை ஆட்டிக்கொண்டு, "ஐயய்யோ கேப்டன், இங்கே பாம்பு இருக்குமா?" என்று கேட்பாளாம். மாமா முழிப்பாராம். "இருக்கும்மா, ஆனா அதுங்களுக்கு இன்னிக்கு லீவுன்னு சொல்லு" என்பாளாம். மாமா சொல்வாராம். இப்படியே ஆற்றங்கரையின் முதல் மர வேரிலிருந்து சந்தையின் கடைசிக் கடை வரைக்கும் அத்தை அவருக்குப் பேச்சு தைத்துக் கொடுத்தாள். எந்தத் திருப்பத்தில் எந்தச் சிரிப்பு, எந்தப் படியில் எந்த எச்சரிக்கை, எல்லாம்.

மாமா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அதை வருடக்கணக்கில் சொன்னார். விருந்தாளிகளுக்கு அவரை ரொம்பப் பிடித்தது. மாலையில் வீட்டுக்கு வருவார், ஷூவைக் கழற்றுவார், அத்தோடு சரி. "டிவின்னா நாம போட்டா பேசும். இதை எங்க அமுக்கிப் போடுறதுன்னே தெரியல" என்று அத்தை எல்லோரிடமும் சொல்வாள். முதலில் வேடிக்கையாகச் சொன்னாள். போகப் போக அப்படிச் சொல்வதை விட்டுவிட்டாள்.

படகு கிளம்பியதா என்று நாங்கள் நின்று பார்க்கவில்லை. பத்துப் பேர் கப்பலிலிருந்து இறங்கி, மாமா பெயர் எழுதிய அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கமாக நான் ஆற்றுப் பாலத்தடியில் வேனிலேயே தூங்கிவிடுவேன். அன்று படகில் ஏறிக்கொண்டேன். மாமா துடுப்பை எடுத்தார். இரண்டு பக்கமும் மரங்களின் வேர்கள், துணி உலர்த்தியது போல மடிப்பு மடிப்பாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. நண்டுகள் பொந்துக்குள் ஓடின.

"இந்த வேரைப் பாருங்க. எங்க ஊர் ரோடு மாதிரி. எல்லாத் திசையிலயும் போகும், ஒரு இடத்துக்கும் போய்ச் சேராது."

சிரித்தார்கள். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அது நேற்று இருந்த மாதிரியேதான் இருந்தது. பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் பாம்பைப் பற்றிக் கேட்டாள். பாம்புகளுக்கு அன்றும் லீவு. ஆற்றின் முனையிலிருக்கும் ஓலைக் கூரைக் கடையில் எல்லோரும் ரம் பஞ்ச் குடித்தார்கள். மாமா எப்போதும்போல் குடிக்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, அடுத்த வரிக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தார்.

டிராஃபால்கர் அருவிக்கு மதியம் போனோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அருவிகள். உயரமானதற்கு அப்பா என்று பெயர், மற்றதற்கு அம்மா. பார்வை மேடையில் சாரல் அடித்தது. விருந்தாளிகள் படமெடுத்தார்கள்.

"அப்பா உயரத்துல நின்னுக்கிட்டு தான்தான் பெரிய ஆளுன்னு நெனச்சுக்குவார். ஆனா ரெண்டும் கடைசியில அம்மா சொல்ற பக்கம்தான் ஓடும்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா கேப்டன்?" என்றாள் பச்சைத் தொப்பி அம்மாள். இந்த இடத்தில் யாராவது ஒருவர் தவறாமல் இதைக் கேட்பார்கள். கேட்க வைப்பதற்காகவே எழுதிய வரி அது.

நான் ஈரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆயிடுச்சும்மா. சாயங்காலம் சந்தையில பாப்பீங்க. பர்ஸை மட்டும் பத்திரமா வச்சுக்கங்க" என்றார் மாமா.

கீழே இறங்கும்போது நான் அவர் பக்கத்தில் போய், "மாமா, இன்னிக்குச் சந்தையில அந்தப் பக்கம் போகவேண்டாம். தொப்பிக் கடையோட முடிச்சுக்கலாம்" என்றேன்.

"ம்" என்றார்.

பழைய சந்தையில் எல்லா வழிகாட்டிகளும் தங்கள் ஆட்களைத் தங்கள் வீட்டுப் பெண்ணின் கடைக்குத்தான் கூட்டிப்போவார்கள். மனைவி, மைத்துனி, அக்கா என்று யாராவது அங்கே இருப்பார்கள். அத்தையின் இடம் நடுவில், பழைய கிணற்றை ஒட்டி. கொக்கோ குச்சி, மிளகாய் சாஸ், உடம்பில் தேய்க்கும் பே ரம், மதராஸ் கட்டம் போட்ட துணியில் தைத்த பொம்மை உடைகள். அன்று மேசை மட்டும்தான் இருந்தது. அதன்மேல், இடம் பிடித்து வைத்தது போல, ஒரு கல்.

மாமா தொப்பிக் கடையில் நிற்கவில்லை. பத்துப் பேரும் பின்னால் வர நேராக அந்த மேசைக்குப் போய், இரண்டு கைகளையும் விரித்தார்.

"இதோ! ரோசோவிலேயே அழகான கடைக்காரி. பேரம் பேசினா சண்டைக்கு வருவா. பேசாம வாங்கினா முத்தம் குடுப்பா. நான் இத்தனை வருஷமா ஒண்ணுமே பேசாம வாங்கிக்கிட்டிருக்கேன். இன்னும் சண்டைதான் கிடைக்குது!"

இந்த இடத்தில் அத்தை மேசைத் துணியால் அவர் தோளில் ஒரு அடி வைப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த அடிக்காக மாமா தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றார். அப்படியே நின்றார். விருந்தாளிகள் மேசையைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள்.

பக்கத்துக் கடை தித்தீன்தான் முதலில் அசைந்தாள். பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து தன் கைத்துண்டால் அவர் தோளில் ஓங்கி அடித்தாள். "அவ சாப்பிடப் போயிருக்கா! எனக்கும் முத்தம் குடுக்கத் தெரியும், வாங்கம்மா வாங்க, மிளகாய் சாஸ் இங்க!"

சிரித்தார்கள். வாங்கினார்கள். பச்சைத் தொப்பி அம்மாள் என்னிடம், நல்ல நடிகர் என்றாள்.

அடுத்த கப்பல் நாளும் மாமா அதே மேசைக்குப் போனார். அதற்கடுத்த நாளும். அந்தச் சந்தையில் ஒருத்தியின் இடத்தில் இன்னொருத்தி கடை போட மாட்டாள், சொந்தக்காரி தன் வாயால் எடுத்துக்கோ என்று சொல்லும்வரை. அதனால் மேசை அப்படியே கிடந்தது. தித்தீன் அடிப்பதும் வழக்கமாகிவிட்டது.

"கேப்டன், அவ இல்லேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"தெரியும்."

"அப்ப எதுக்கு இந்தக் கூத்து? என் கைதான் வலிக்குது."

"அங்க வந்தா அந்த வரி வருது" என்றார் மாமா. "அதை விட்டா அடுத்தது வரமாட்டேங்குது."

ஈஸ்டர் முடிந்து கப்பல்கள் குறைந்தன. நான் கிளம்பவில்லை. கிளம்புவதற்கும் ஒரு ஆசை வேண்டியிருக்கிறது, அது எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். அம்மா வைத்த பச்சை வாழைக்காயும் உப்பு மீனும் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "கெர்லின், உன் அத்தைக்குப் போன் போடணும்" என்றார்.

"போடுங்க மாமா."

"என்ன சொல்லணும்னு சொல்லு. சொல்றேன்."

"அது நீங்களே சொல்லணும்னுதானே அத்தை கேட்டா?"

"வாய்க்கு வரல. ரெண்டு மாசமா பாக்கறேன். நீ ஒரு தடவை சொல்லு, நான் பிடிச்சுக்குவேன்."

அவர் கண்களில் தண்ணீர் ஒன்றும் இல்லை. துடுப்பு எங்கே என்று கேட்பது போலத்தான் கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "நீ இல்லாம வீட்டுல எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல ஒதிலியா. தப்பு என்மேலதான். கிளம்பி வா" என்றேன். மாமா உதடு அசைய இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கிக்கொண்டார்.

அத்தை உடனே எடுத்தாள். அவள் குரல் எனக்கும் கேட்டது. "குளோவிஸ்? நீயா?"

மாமா எழுந்து நின்றார். மார்பை நிமிர்த்திக்கொண்டார். வேனில் மைக் பிடித்துப் பேசும் குரலில், ஒரு சொல் பிசகாமல், "தெரியல" என்பதற்குப் பிறகு விருந்தாளிகளுக்காக விடும் இடைவெளியையும் விட்டு, முழுவதையும் சொன்னார்.

அந்தப் பக்கம் தெருச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம்.

"நல்லாதான் இருக்கு" என்றாள் அத்தை. "கெர்லின் எழுதினதா?"

மாமா என்னைப் பார்த்தார். அத்தை போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மார்ச்சில் தொற்றுநோய் வந்து கப்பல்களே நின்றன. ஒரு வருடத்துக்கும் மேல் மாமாவுக்குப் பேச ஆளில்லை. மலைச்சரிவில் சேப்பங்கிழங்கு நட்டார், களை பிடுங்கினார். வழியில் பார்ப்பவர்களுக்குத் தலையசைப்பார். அவருக்குக் குரல் போய்விட்டது என்றுகூட எங்கள் ஊர் மஹோவில் ஒரு பேச்சு இருந்தது. குவாதலூப்புக்குப் படகு மறுபடி ஓட ஆரம்பித்தபோது, "போய்ப் பாத்துட்டு வாங்களேன் மாமா" என்றேன்.

"போய்?" என்றார்.

நான் அவர் பிடுங்கிப் போட்ட களையை அள்ளி ஓரமாகப் போட்டேன்.

கப்பல்கள் திரும்பி வந்தன. முதல் நாளே மாமாவுக்கு எல்லா வரிகளும் அப்படியே இருந்தன. பாம்புகளுக்கு லீவு, அப்பா உயரம், ரோசோவிலேயே அழகான கடைக்காரி. மேசைமேல் வேறு ஒரு கல் இருந்தது. தித்தீன் அடித்தாள்.

அத்தையிடமிருந்து சேதி வந்தது அதற்கும் ஒரு சீசன் கழித்து, நவம்பரில். ஆற்றை முடித்துவிட்டு அருவிக்கு வந்திருந்தோம். விருந்தாளிகளைப் பார்வை மேடையில் விட்டுவிட்டு மாமா என்னோடு வேனில் உட்கார்ந்திருந்தார். என் போனுக்கு அத்தையின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. மாமாவுக்குப் போட்டுக் காட்டு என்று மட்டும் மேலே எழுதியிருந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இருவருக்கும் நடுவே போனை வைத்துப் போட்டேன்.

"குளோவிஸ், நான் ஒதிலியா. நல்லா இருக்கேன். இங்க ஒரு பள்ளிக்கூடத்து கேன்டீன்ல வேலை. நீ இன்னும் அந்த மேசைக்கிட்ட நின்னு பேசறேன்னு தித்தீன் சொன்னா. முதல் வருஷம் கப்பல் வர்ற நாள்லல்லாம் சாயங்காலம் போனைக் கையிலயே வச்சுக்கிட்டிருப்பேன். ஒரு வார்த்தை, தப்புத் தப்பா சொன்னாக்கூடப் போதும்னு இருந்தேன். இப்ப வேலைக்குப் போறப்ப போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிடறேன். மறந்துதான் போயிடறேன், வேணும்னு இல்ல. தித்தீன்கிட்ட சொல்லிட்டேன், இடத்தை அவ மருமக எடுத்துக்கட்டும்னு. புதன்கிழமையிலருந்து அந்தப் பொண்ணு கடை போடுவா. பேரு ஜானெல். அவ முன்னாடி அந்த வரியைச் சொல்லிடாத குளோவிஸ். சின்னப் பொண்ணு, என்ன பண்றதுன்னு தெரியாம முழிப்பா. என்ன விலைன்னு மட்டும் கேளு."