எல்லாரும் ஐந்து போட்ட கடை

சங்கரன்கோவில் ரத வீதியில் முகம்மது ஆரிப் ஒரு பேன்சி கடை வைத்திருந்தான். வளையல், கிளிப், மருதாணிக் கோன், பர்தாவில் குத்தும் ஊக்கு, பள்ளிக்கூட ரிப்பன் என்று வாசல் வரை சாமான் தொங்கும். துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கிய ஆள் அவன். ஊரோடு வந்து சொந்தக் கல்லாவில் உட்கார்ந்ததில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் கடையநல்லூர்ப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு அவளை எம்.பி.ஏ. சேர்த்துவிட்டதும் அவன்தான்.

கல்லூரியில் எல்லாரும் பயந்த பாடம் வணிக ஆராய்ச்சி முறைகள். பிர்தௌஸுக்கு மட்டும் அது பிடித்துப்போனது. யாரைக் கேட்பது, எத்தனை பேரைக் கேட்பது, எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்பதற்கெல்லாம் ஒரு பாடமே இருப்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சோறு போடும்போது ஆரிப்பிடமே பழகிப் பார்ப்பாள்.

“எங்கள் கடையின் சிறப்பான சேவை உங்களுக்குத் திருப்தியா? இந்தக் கேள்வியில என்ன தப்பு, சொல்லுங்க.”

“ஒரு தப்பும் இல்லட்டி.”

“சிறப்பானன்னு நாமளே சொல்லிட்டோம்லா. பொறவு அவங்க என்னத்தச் சொல்லுவாங்க?”

“சிறப்பாத்தான இருக்கு. ரசத்தை ஊத்து.”

கடைசிப் பருவத்தில் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது அவன் கடையைத்தான். வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொல்வது. ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் ரொம்ப நல்லது. மாலையில் கல்லூரிப் பேருந்து ரத வீதி முனையைக் கடக்கும்போது எட்டிப் பார்ப்பாள். கடை வாசலில் எப்போதும் பெண்கள் நின்றார்கள், படியில் உட்கார்ந்தும் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து அவன் சொல்வதும் அதேதான். “இன்னைக்கு நிக்க இடமில்ல.”

டிசம்பரில், திருநெல்வேலியில் சரக்கு எடுத்துவிட்டுத் திரும்பும்போது, பனவடலிசத்திரம் தாண்டி ஒரு லாரி அவன் பைக்கை அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மவுத்.

பிர்தௌஸ் இத்தா இருந்தாள். புருஷன் இறந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக் கூடாது. கடையைப் பூட்டிச் சாவியை மாமனார் சேக் மைதீன் வைத்துக்கொண்டார். மருமகளை ‘மக்கா’ என்றே கூப்பிடுகிற மனிதர். கடையைத் தொடர்ந்து வைத்திருக்கிறீர்களா என்று கட்டடக்காரர் கேட்டு அனுப்பியதும், அவர் அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

“வைக்கவா, விடவா மக்கா? நீதான் படிச்சவ.”

“வைக்கணும் மாமா. நான் பாத்துக்கிடுதேன்.”

“தனியா எப்பிடிப் பாப்ப? சிஹாபு வேலைய விட்டுட்டு வாரேங்கான். ஒத்தாசையா நிப்பான். ஆனா கடை ஓடுமா? அதத் தெரியாம அவனை எப்பிடி வரச் சொல்ல?”

சிஹாபுதீன் ஆரிப்பின் தம்பி. ஷார்ஜாவில் இருந்தான். வீட்டில் அடுப்பு எரிவதே இப்போது அவன் வேலையால்தான்.

“கேட்டுச் சொல்லுதேன் மாமா” என்றாள் பிர்தௌஸ்.

புதுச் சாமான் வந்தால் படம் போடுவதற்கு ஆரிப் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தான். அதிலிருந்த பெண்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்தாள். கடை திறக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. கடை இருந்தால் அவன் உட்கார்ந்த ஸ்டூல் இருக்கும். கோணல் எழுத்தில் அவன் எழுதித் தொங்கவிட்ட விலை அட்டைகள் இருக்கும். அதைப் பாடத்தில் எந்தத் தலைப்பிலும் சேர்க்க முடியாது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பனவடலியிலிருந்து பொன்செல்வி என்ற பெண் பேசினாள். “ஆரிப் அண்ணாச்சி கடை மாதிரி வருமா? அஞ்சு போடுங்க. ஆறு இருந்தா ஆறே போடுங்க.” திருவேங்கடத்து டீச்சர் ஒருவர், “குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லம்மா, தங்கமான மனுசன்” என்றார். திரும்பத் திறந்தால் வருவீர்களா என்று கேட்டால், கண்டிப்பா, கண்டிப்பா. நூறு பேருக்கு மேல் கேட்டாள். எல்லாரும் ஐந்துதான் போட்டார்கள்.

சேக் மைதீன் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊரே சொல்லுதுல்லா” என்றார். அன்றே மகனுக்குப் போன் போட்டு, வரலாம் என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு மாதத்தில் வேலையை விடுவதாக சிஹாபுதீனும் முடிவு செய்தான்.

இத்தா முடிந்து கல்லூரிக்குப் போன பிர்தௌஸ், புராஜெக்ட் வழிகாட்டியான எப்சிபா மேடத்திடம் தாள்களைக் கொடுத்தாள். எப்சிபா ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு கதவைச் சாத்தினார்.

“பிர்தௌஸ், உன் நிலைமை எனக்குத் தெரியும். அதனால கோவப்படாமக் கேக்கேன். இத நீயே உக்காந்து போட்டியா?”

“இல்ல மேடம்.”

“மூணு போட்ட ஆளு ஒருத்தர்கூட இல்லையே. கோயில் பிரசாதத்துக்குக்கூட ஒருத்தன் உப்பு கம்மின்னு சொல்லுவான்.”

“எல்லாம் ரெக்கார்டு இருக்கு மேடம். கேளுங்க.”

எப்சிபா இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். முதல் அழைப்பில் கேள்வி தொடங்கும் முன்பே அந்தப் பெண் அழுதாள். அடுத்தவள் ‘சாப்பிட்டியாம்மா’ என்று விசாரித்தாள். மூன்றாவது பெண் எல்லாக் கேள்விக்கும் ஒரே மூச்சில், ‘நல்லாத்தான் இருந்துச்சு, நீ மனசத் தேத்திக்கோ’ என்றாள். எப்சிபா கழற்றி வைத்தார்.

“நீ சர்வேக்குப் போன் பண்ணியிருக்க. அவங்க துக்கம் விசாரிச்சிருக்காங்க. சம்சாரமே போன் பண்ணிக் கேக்கும்போது, செத்துப்போன மனுசனுக்கு யாரு மூணு போடுவா?”

மவுத்தானவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்று பிர்தௌஸுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊரில் எந்தச் சாதி மதத்துத் துக்க வீட்டிலும் பேச்சு அப்படித்தான் நடக்கும். ரசத்துக்கு நடுவே ஆரிப்பிடம் அவள் பிடித்த தப்பெல்லாம் ஒரு சொல்லில் இருந்த தப்பு. இந்த முறை கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. கேட்ட குரல்தான் பதிலையும் எடுத்துக் கொடுத்திருந்தது.

“உன்னைத் தெரியாதவங்ககிட்டப் போய்க் கேளு” என்றார் எப்சிபா. “கடை பேரை நீ எடுக்காத. அவங்க வாயிலிருந்து வந்தா வரட்டும்.”

அதுவரை தலையை மட்டும் மூடிப் பழகியவள், மறுநாள் முகத்தையும் மூடிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். கையில் அட்டை, பேனா. கல்லூரி ஆராய்ச்சி என்று சொன்னதும் பெண்கள் நின்று பேசினார்கள். கண் மட்டும் தெரிகிற ஒரு பர்தாக்காரிக்கு எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று யாருக்கும் தெரியவில்லை.

பனவடலி வழியாகப் போகும் பேருந்துக்காகக் காத்து நின்றவளிடம் கேட்டாள். “வளையல், கிளிப்பெல்லாம் எங்க வாங்குதீங்க?”

“இப்ப யாரு யக்கா கடைக்குப் போறா? எல்லாம் போன்லதான். நேரா வீட்டுக்கே வந்திருது.”

அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு இருந்தால் ஆறு போடச் சொன்ன பொன்செல்வி.

“முன்ன ஏதாவது கடைக்குப் போவீங்களா?”

“ரத வீதியில ஆரிப் கடைன்னு ஒண்ணு. பாவம், அந்த அண்ணாச்சி லாரியில அடிபட்டுச் செத்துட்டாரு. நல்ல மனுசன். ஆனா சாமான் நிக்காது யக்கா, கிளிப்பு ரெண்டு நாள்ல பல்லக் காட்டிரும். சில்லறை கேட்டா ரப்பர் பேண்டு எடுத்து நீட்டுவாரு. எங்க வீட்ல ரப்பர் பேண்டு ஒரு டப்பா கெடக்கு.”

திரைக்குள் பிர்தௌஸ் சிரித்துவிட்டாள். ஐந்து மாதத்தில் யாரும் அவனைப் பற்றி அவளிடம் இப்படிப் பேசியதில்லை. ஒரு நிமிடம் அவன் கல்லாவில் உட்கார்ந்து ரப்பர் பேண்டை நீட்டிக்கொண்டிருந்தான்.

“ஆனா அங்கன எப்பவும் கூட்டமா இருக்குமாமே?”

“வாங்குத கூட்டமா அது? பஸ்ஸு வர்ற வரைக்கும் அங்கன பையப் போட்டுட்டுக் கோயிலுக்குப் போவோம், துணிக்கடைக்குப் போவோம். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பிள்ளைக்குத் தண்ணி கேட்டாக் குடுப்பாரு. சும்மா வச்சிட்டுப் போறமேன்னு என்னைக்காவது ஒரு ஹேர்பின் அட்டை வாங்குவோம். அந்தக் கடை அவரு இருக்கும்போதே படுத்துருச்சு யக்கா.” பேருந்து வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

ஒருத்தி சொல்வதை முடிவாக எடுக்கக் கூடாது என்பது பாடம். பிர்தௌஸ் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க நிலையத்தில் நின்றாள். யாராவது ஒருத்தி மறுத்துச் சொல்ல மாட்டாளா என்று திருவேங்கடம் பேருந்துக்கும் தென்காசிப் பேருந்துக்கும் நடுவே நடந்தாள். ஆரிப் கடையைச் சொன்னவர்கள் எல்லாரும் பை வைத்ததைச் சொன்னார்கள். சாமான் வாங்கியதைச் சிலர்தான் சொன்னார்கள், அதுவும் யோசித்துவிட்டு.

நிக்க இடமில்லை என்று அவன் சொன்னது பொய்யில்லை. அவள் நிம்மதியாகப் படிக்கட்டும் என்று மீதியைச் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

இனி இரண்டு வழிதான். முதலில் வந்த ஐந்துகளை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் கடை அவளுக்கு. ஆனால் சிஹாபுதீன் வேலையை விட்டு வந்து, ஓடாத கடையில் அவளோடு உட்காருவான். உண்மையைச் சொன்னால் கடை போகும், அவன் வேலை நிற்கும். அன்று மாலை அவனைப் போனில் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, மாமனார் முன்னால் வைத்தாள்.

“கடை வேண்டாம் மாமா. அது ஓடாது. அவுக இருக்கும்போதே ஓடல.”

சேக் மைதீன் நிமிர்ந்து பார்த்தார். “ஊரே அஞ்சு போட்டுச்சுன்னு நீதான சொன்ன?”

“என்கிட்டங்கிறதால போட்டாங்க. நான் யாருன்னு தெரியாமக் கேட்டேன். பை வைக்கத்தான் வந்திருக்காங்க. சாமான் நல்லா இல்லன்னு சொல்லுதாங்க.”

“மவுத்தானவனப் பத்திப் பேசுத பேச்சா இது?” அவர் குரல் உயரவில்லை. “எவளோ பஸ்ஸுக்கு நிக்கிறவ சொன்னத எடுத்துட்டு வந்து எம் மவன் கடைய மோசம்ங்கியா?”

போனில் சிஹாபுதீன் சொன்னான். “வாப்பா, மைனி சொல்லுதது சரியாத்தான் இருக்கும். நான் இங்கயே இருக்கேன்.”

“அவுக எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா தம்பி” என்றாள் பிர்தௌஸ். “நானும் கேக்கல.”

“கேட்டிருந்தாலும் ஆரிப் காக்கா உங்ககிட்ட அஞ்சுதான் போட்டிருப்பான் மைனி.”

கடையைக் காலி செய்தார்கள். அதற்குப் பிறகு சேக் மைதீன் அவளை ஒருபோதும் ஏசவில்லை. ஆனால் ‘மக்கா’ நின்றுபோனது. ‘சாப்பிட்டாச்சாம்மா’ என்று விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டார். அந்த மரியாதையில் இருக்க முடியாமல் அவள் கடையநல்லூருக்கு, உம்மா வீட்டுக்குப் போனாள். புறப்படும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

“காலேஜ்ல குடுக்கிறதுல எம் மவன் பேரு வேண்டாம்.”

அவள் எடுத்துவிட்டாள். ஒவ்வொரு பக்கமாகத் தேடி, ஆரிப் என்று வந்த இடத்திலெல்லாம் ‘ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கடை’ என்று மாற்றினாள். முதலில் எடுத்த பதில்களை ஏன் தள்ளினாள் என்று ஒரு அத்தியாயம் எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அதை விரும்பிப் படித்திருந்தார். யார் கேட்கிறார் என்பதை வைத்துப் பதில் மாறுவதை ஒரு மாணவி இவ்வளவு தெளிவாக எழுதி இதுவரை பார்த்ததில்லை என்றார். பிறகு பக்கங்களைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

“வாங்குறவங்க தரப்பு எல்லாம் சரிம்மா. கடைக்காரர் தரப்பே இல்லையே. அவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

எப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வரம்புகள்ங்கிற தலைப்புல எழுதியிருக்கேன் சார்” என்றாள் பிர்தௌஸ்.

அவர் கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்தார். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது: கடை உரிமையாளரிடம் கேட்க இயலவில்லை. படித்துவிட்டுத் தலையசைத்தார், மதிப்பெண் போட்டார், அடுத்த மாணவனைக் கூப்பிட்டார்.