மாமன் வாங்கியதைவிடப் பெரிய குடம்

அரியலூர்க் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை வாசலில் நிற்கிறேன். திருச்சி ஆபீஸ் நண்பர் நாளைக்குக் கீழப்பழுவூரில் தன் மகளுக்குக் காது குத்துகிறார். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்த வீடு அது. இருப்பதிலேயே பெரிய பித்தளைக் குடத்தைக் காட்டுகிறேன். கடைக்காரர் அதை இறக்காமல், யார் வீட்டு விசேஷம் என்று கேட்கிறார். சொல்கிறேன்.

“நீங்க தாய்மாமன் முறைங்களா?”

“இல்லைங்க, சிநேகிதன்.”

“அப்ப இது வேணாங்க. அந்தப் புள்ளையோட மாமன் காலையிலதான் சீருக்குக் குடம் வாங்கிட்டுப் போனாரு. இதுல பாதிதான் இருக்கும். சபையில ரெண்டையும் பக்கத்துல வச்சா, அவரு மொகத்த எங்கங்க வச்சுக்குவாரு?”

ஒரு சின்னச் செம்பைத் துடைத்து நீட்டுகிறார். காசைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ், மேட்டில் திணறுகிறது. செம்பு மடியில் உருள்கிறது. திரும்பிப் போய்க் குடத்தையே வாங்கலாமா என்று இரண்டு முறை இறங்க எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டேன். முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் சபையில் தலைநிமிர்ந்து நிற்பதற்காக, கஞ்சி வைத்துக் கொடுத்த வீட்டில் நான் கஞ்சனாகப் போய் நிற்கப் போகிறேன்.