வானம் மட்டும் தோண்டிய மனைகள்

பொக்லைன்காரர் என்று சொன்னால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். மண் அள்ளும் வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருந்தார். வீடுகளுக்கு வானம் என்கிற அஸ்திவாரக் குழி தோண்டுவது பிழைப்பு. அவர் குழி எடுத்துவிட்டுப் போன பிறகுதான் கொத்தனாரும் தச்சரும் பெயின்டரும் வருவார்கள்.

ஒரு வருடமாக வண்டிக்கு வேலை இல்லை. வாளியில் துரு ஏறி, இருக்கையில் பூனை குட்டி போட்டிருந்தது. அப்போதுதான் ஒரு கட்டுமான நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். ஊருக்கு வெளியே வரிசையாகக் காலி மனைகள். எல்லாவற்றிலும் ஒரே மூச்சாகக் குழி எடுக்க வேண்டுமாம்.

"கம்பி, ஜல்லியெல்லாம் எப்ப சார் வருது?"

"அது வர்றப்ப வரும். நீங்க தோண்டுங்க. வருசம் முடியறதுக்குள்ள இத்தனை வீடு ஆரம்பிச்சாச்சுன்னு கணக்குல ஏறணும், அவ்வளவுதான்."

பொக்லைன்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாதவர் மாதிரி தலையாட்டிவிட்டு வந்து, பூனைக்குட்டிகளை ஒரு அட்டைப்பெட்டிக்கு மாற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கொஞ்ச நாளில் செய்தித்தாளில் பெரிதாக வந்தது. புதிதாகக் கட்டத் தொடங்கிய வீடுகள் மளமளவென்று கூடியிருக்கின்றனவாம். வீடு தொடங்கினால் சிமெண்ட் முதல் கட்டில், மின்விசிறி வரை எல்லாம் விற்கும், ஆகவே நல்ல காலம் பிறந்துவிட்டதாம். மனைவி அதை உரக்கப் படித்துவிட்டு, "நீங்க தோண்டினதும் இதுல சேர்த்திதானே?" என்று பெருமையாகக் கேட்டாள். அவர் தட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

அவள் தம்பி கொத்தனார். கட்டட வேலை படுத்துவிட்டதால் வேறு ஊரில் ஒரு ஆலையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அவனும் செய்தியைப் படித்திருக்கிறான். அன்றே போன் வந்தது.

"மாமா, அங்க வேலை ஆரம்பிச்சிருச்சா?"

"தோண்டிக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நிறுவனத்துக்காரர் காதுக்கு எட்டினால் அடுத்த வேலை கிடைக்காதே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டார்.

மச்சான் ஆலை வேலையை உதறிவிட்டு, மனைவி, கைக்குழந்தையோடு வந்து இறங்கினான். முன்னறை அவர்களுக்காயிற்று. தினமும் கொத்துக்கரண்டியையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு மனைப் பக்கம் போவான். சாயங்காலம் பை போன மாதிரியே திரும்பி வரும்.

"இன்னைக்கும் ஆரம்பிக்கலையாடா?" என்பாள் அக்கா.

"அடுத்த வாரமாம்க்கா."

குழந்தை தவழ்ந்து வந்து பொக்லைன்காரரின் முழங்காலைப் பிடித்தால், தூக்கக் கை வராமல் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

மழை அடித்துக் குழிகள் நிரம்பிய அன்று அவரே மனைக்குப் போனார். மச்சான் ஒரு குழி ஓரத்தில் குந்தி, தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தான்.

"மச்சான், இங்க வீடு வராது. சும்மா கணக்குக்குத் தோண்டினது. நீ போன் பண்ணினப்பவே எனக்குத் தெரியும்."

"எனக்கும் வந்த அன்னைக்கே தெரியும் மாமா. ஒரு செங்கல்லக்கூட காணோமே."

"அப்புறம் எதுக்கு தினமும் இங்க வந்து உக்கார்ற?"

"அக்கா வீட்ல சும்மா இருந்து சாப்பிட முடியுமா? இல்ல, அதுகிட்ட உங்களைத்தான் காட்டிக்குடுக்க முடியுமா?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா அவன் அங்கயே இருந்திருப்பான்ல?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு வெகுநாள் வரை வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

மச்சானைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி ஆலைக்கே நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. கடைசியில் மச்சான் ஒழுகுகிற குளியலறை, வெடித்த சுவர் என்று ஒட்டு வேலைகளாகப் பிடித்தான். உதவிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. பொக்லைன்காரர் வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டு, அவன் கூப்பிடாமலே சித்தாளாகப் போய் நின்றார்.

"மாமா, தண்ணி கூடிப்போச்சு. இது கலவையா, கஞ்சியா?" என்று சாரத்தின் மேலிருந்து மச்சான் சிரித்தான்.

அவர் நிமிர்ந்து பார்க்காமல் மணலும் சிமெண்டும் இன்னும் கொஞ்சம் போட்டுக் கிளறினார்.