ஒன்றுக்கு மூன்று கேட்டவர்

ஹுமைத் சேர் எங்கள் பல்கலைக்கழகச் சமூக விஞ்ஞானப் பிரிவின் தலைவராக இருந்த காலத்தில் அவருடைய அறைக் கதவை யாரும் தட்டியதில்லை. தட்டுவதற்குக் கதவு மூடியிருக்க வேண்டுமே. அவருக்கு முன்பிருந்த தலைவர்கள் எல்லோரும் நமுனுகுலை மலை தெரிகிற ஜன்னலோரமாக மேசையைப் போட்டு உட்கார்ந்தவர்கள். இவர் முதல் நாளே மேசையை இழுத்து வாசலை ஒட்டிப் போட்டார். மலை எங்கும் ஓடிப்போகாது, வந்து போகிற ஆட்கள்தான் ஓடிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. பண்டாரவளையில் அவருடைய வாப்பாவின் புடவைக் கடையில் கல்லாப்பெட்டி இருந்த இடமும் அதுதான் என்பார் பொருளியல் படிப்பிக்கும் ஜெனீரா. அவரும் பதுளைக் கடைத்தெருவில் பிறந்தவர், அந்தக் கேலிக்கு உரிமையுள்ளவர்.

நான் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முன்கோபக்காரன் என்று எனக்குப் பெயர். அதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

கடைக்காரர் வீட்டில் ஹுமைத் சேர் ஒருவர்தான் படிப்புப் பக்கம் போனவர். அண்ணன் இப்றாஹீம் கடையைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். தம்பி கலாநிதிப் பட்டத்துக்கு என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று வீட்டில் ஆவலோடு காத்திருந்தார்கள். லுணுகலைச் சந்தையில் தோட்டத்து மக்களும் வியாபாரிகளும் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. அதற்குக் கடையிலேயே இருந்திருக்கலாமே என்று இப்றாஹீம் நானா சிரித்தாராம். அந்த ஆய்வில் ஒரு நல்ல பகுதி உண்டு. முதலில் சொல்லும் விலையை விற்பவரும் நம்புவதில்லை, வாங்குபவரும் நம்புவதில்லை. அது பேச்சைத் தொடங்குவதற்கான மரியாதை, ஸலாம் சொல்வது போல. அதற்குப் பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

எழுதியதோடு நிற்கவில்லை. பிரிவையும் அப்படித்தான் நடத்தினார். இரண்டு கணினி வேண்டுமென்றால் ஐந்து கேட்பார். களப்பயணத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் இரண்டு கேட்டு, இரண்டுக்கும் காரணம் வைத்திருப்பார். பழைய உபவேந்தரும் வியாபாரக் குடும்பத்தில் வந்தவர், அவருக்கு இந்த விளையாட்டு பிடிக்கும். கையை விரிப்பார், தலையைச் சொறிவார், கடைசியில் எங்களுக்கு எது தேவையோ அதில் வந்து நிற்பார். இருவரும் தேநீர் குடித்துப் பிரிவார்கள். நியாயமாகக் கேட்ட மற்றப் பிரிவுகள் பாதியோடு திரும்பும்போது நாங்கள் முழுதாக வாங்கி வந்தோம். அதனால் நாங்கள் யாரும் சேரைக் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தோம்.

தமிழ்மொழி மூலச் சமூகவியல் வகுப்பை அப்போது தாங்கிக்கொண்டிருந்தவர் நிஷாந்தினி. பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா மாடசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர், அம்மா பெரியாயி இன்னும் கொழுந்து பறிக்கிறார். எங்கள் பிரிவிலேயே படித்து முதல் வகுப்பில் தேறி, தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து, அந்தத் தற்காலிகத்திலேயே பல வருடம் நின்றுவிட்டார். முதலாம் வருடப் பிள்ளைகளிடம் அவர் முதலில் கேட்பது வரைவிலக்கணம் அல்ல. உங்கள் லய வரிசையில் எந்தக் காம்பரா வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் யாருக்குச் சொந்தம் என்று வரைந்து காட்டச் சொல்வார். அதிலிருந்து பாடம் தொடங்கும். லயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அப்புத்தளை டவுன் என்று முகவரி கொடுத்த பிள்ளைகள்கூட ஒரு மாதத்தில் காம்பராக் கணக்கை உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்தின் மூதவை ஒரு முடிவு எடுத்தது. ஒரு பாடத்தில் நிரந்தர விரிவுரையாளர் இல்லாத மொழிமூலத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து புதிய மாணவர்களை எடுக்க முடியாது. சமூகவியலில் சிங்கள மூலத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். தமிழ் மூலத்துக்கு ஒரு நிரந்தரப் பதவி கிடைக்காவிட்டால் வகுப்பும் போகும், நிஷாந்தினியின் வேலையும் போகும். எங்களுக்குத் தேவை ஒன்று, ஒன்றே ஒன்று.

ஹுமைத் சேர் மூன்று கேட்டு எழுதினார்.

இதற்கிடையில் உபவேந்தர் மாறியிருந்தார். புதியவர் பொறியியலாளர், பாலம் கட்டுவதில் பெயரெடுத்த சிங்களக் கனவான், நல்ல மனிதர். பாலத்துக்கு மூன்று தூண் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் மூன்று வேண்டும் என்றே அவர் எடுத்துக்கொள்வார். மூன்று கேட்டு இரண்டைக் கட்டினால் பாலம் விழுந்துவிடும் அல்லவா.

பீடச் சபைக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கொழும்பிலிருந்து பீடம் முழுவதற்கும் ஒரே ஒரு பதவிதான் வந்திருந்தது. உபவேந்தர் அதைச் சொல்லவில்லை. மூன்றும் கட்டாயம் தேவையா, குறைத்துச் சமாளிக்க முடியாதா என்று சிங்களத்தில் கேட்டார். சந்தைக்குப் போய்ப் பழகிய யாருக்கும் தெரியும், முதல் கேள்விக்கே இறங்கிவிடக் கூடாது. சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது அவர் பேரத்துக்குத் தயாராகிற விதம். மூன்றுக்குக் குறைந்தால் எங்களுக்குப் பிரயோசனமே இல்லை என்று உறுதியாகச் சொன்னார்.

உபவேந்தர் தலையாட்டினார். உள்ளதைச் சொன்னதற்கு நன்றி என்றார். கையில் இருப்பது ஒன்றுதான், ஒன்றை வைத்துச் சமாளிக்கக்கூடிய பிரிவுக்கு அதைக் கொடுப்பதே நியாயம் என்று சொல்லி, முகாமைத்துவப் பிரிவுக்கு எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். சேர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சபை மலசலகூடத் திருத்த வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது.

எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். படிக்கட்டில் வைத்தே கேட்டுவிட்டேன், இது என்ன சந்தையா சேர் என்று. அவர் நேரே நிஷாந்தினியின் அறைக்குப் போனார். வேறு யாராவது சொல்லி அந்தப் பெண்ணுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். நானும் பின்னால் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னார். தான் கேட்டது, உபவேந்தர் கேட்டது, தான் சொன்ன பதில் எல்லாவற்றையும்.

நிஷாந்தினி பிள்ளைகளின் காம்பராப் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தவர், பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கு ஒன்னுதானே வேணும் சேர். ஏன் மூணு கேட்டீங்க?"

குரல் உயரவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே விளங்கவில்லை, அதனால்தான் கேட்டது. 

அதன் பிறகு அவர் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். உபவேந்தரிடம் போய் ஒன்று போதும் என்றார். உபவேந்தர் மரியாதையாக உட்கார வைத்து, அன்று ஒன்று போதாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். எது உண்மை என்று அவருக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. முகாமைத்துவக்காரர்களிடமும் போனார். கிடைத்ததை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? கொழும்புக்கும் எழுதினார், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த வருடம் பார்க்க வகுப்பு இருக்காது. வாசலோர மேசையில் அவர் இருந்தார், ஆனால் போகிற வருகிறவர்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நோன்பு காலத்தில்கூட அவர் முகம் அவ்வளவு வாடி நான் கண்டதில்லை. என் கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. பாவமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் ஜெனீராவையும் என்னையும் கூப்பிட்டார். முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு இன்னும் மூன்று வருடச் சேவை மிச்சம் இருந்தது. அவர் போனால் காலியாகிற இடத்தை நிரப்பப் புதிதாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதைத் தமிழ் மூலச் சமூகவியலுக்கு விளம்பரம் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

ஜெனீராவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்க வழக்குப் பேசினார். விளம்பரம் போட்டால் நாலா பக்கமிருந்தும் விண்ணப்பம் வரும், நேர்முகத் தேர்வுக்கு வெளியாட்கள் வருவார்கள், நிஷாந்தினிக்குக் கிடைக்கும் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். குறைந்தது அந்தப் பிள்ளைக்குத்தான் என்று உபவேந்தரிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதா?

"அப்புடி ஒண்டும் கேக்க இல்ல," என்றார் சேர். "வகுப்பு நிண்டுபோகாம ஈக்கட்டும். அது போதும்."

உபவேந்தருக்கும் இது சங்கடமாகத்தான் இருந்திருக்கிறது. வருட முடிவு வரைக்குமாவது இருங்கள், பிரியாவிடைக்கு மண்டபம் தருகிறேன், வேறு ஏதாவது வேண்டுமா என்றெல்லாம் கேட்டாராம். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் தானாக முன்வந்து கொடுக்கிறார், ஒன்றுமே கேட்காமல் எழுந்து வந்துவிட்டாராம் ஹுமைத் சேர். இதை உபவேந்தரே பிறகு என்னிடம் வியப்போடு சொன்னார்.

நேர்முகத் தேர்வுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நல்ல தகுதியுள்ளவர்கள் வந்தார்கள். முடிவு வரும்வரை நிஷாந்தினி சரியாகச் சாப்பிடவில்லை. பதவி அவருக்கே கிடைத்தது. செய்தியைச் சொல்ல நான் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். வகுப்புக்கு இந்த முறை எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். 

இப்போது அவர் பண்டாரவளைக் கடையில் அண்ணனோடு இருக்கிறார். நிரந்தரச் சம்பளம் வந்ததும் அம்மாவுக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று நிஷாந்தினி சொன்னார், கூடவே நானும் போனேன். கடை வாசலில் இப்றாஹீம் நானா என்னைப் பிடித்துக்கொண்டார். தம்பியால் வியாபாரமே கெடுகிறதாம். யார் வந்து கேட்டாலும் எடுத்த எடுப்பிலேயே கடைசி விலையைச் சொல்லிவிடுகிறாராம். வாங்க வந்தவர்கள் குறைத்துக் கேட்கிறார்கள், இவர் குறைக்க மாட்டேன் என்கிறார், அவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

"இவ்வளவு படிச்ச மனிசனுக்கு ஏவாரம் தெரியாமப் போச்சே," என்று அலுத்துக்கொண்டார்.

உள்ளே நிஷாந்தினியைக் கண்டதும் சேர் எழுந்து நின்றார். உட்காருங்க மிஸ் என்றார். அதுவரை அவர் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பெரியாயிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று விசாரித்தார். மேல்தட்டில் இருந்து பச்சையில் ஒன்று, அரக்கில் ஒன்று, மாம்பழ மஞ்சளில் ஒன்று என்று எடுத்து வரிசையாக விரித்தார். மூன்றும் நல்ல சேலைகள்.

நிஷாந்தினி மஞ்சள் சேலையின் கரையைத் தடவிப் பார்த்தார். மற்ற இரண்டையும் மெதுவாகச் சேரின் பக்கம் தள்ளினார்.

"ஒன்னு போதும் சேர்."

சேரின் கை அப்படியே நின்றது. அவர் கண் நிறைந்ததை நான் பார்த்தேன், பார்க்காதது போல இருந்தேன். பிறகு பச்சையையும் அரக்கையும் பழைய மடிப்புப்படி மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டு, மஞ்சளைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார்.