கழலாத முளை

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி செய்து கொடுக்கும் தச்சன் நான். சதுரங்கப்பட்டினத்து மீனவர் தேவராஜ், சிங்கி இறால் கூடுகளைக் கடலடியிலிருந்து கையால் இழுத்து மாளவில்லை என்று, தன் சிறு படகுக்கு ஓர் உருளை கேட்டு வந்தார்.

எனக்குத் தெரிந்தது, நெய்த சேலையைச் சுற்றும் படமரம்தான். அதே மாதிரி வேங்கை மரத்தில் செய்து படகின் ஓரத்தில் பொருத்தினேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தளரக்கூடாது என்றே பழகிய கை. உருளை முன்னால் மட்டும் சுழன்று, பின்னால் சுழலாதபடி தடுக்கும் முளையை இறுக்கி அடித்தேன்.

தேவராஜோடும் அவர் தம்பியோடும் நானும் வெள்ளோட்டம் போனேன். நான்காவது கூடு பாறையில் மாட்டிக்கொண்டது. அந்நேரம் அலை படகைத் தூக்க, கயிறு விறைத்துப் படகின் ஓரத்தைக் கீழே இழுத்தது.

"முளைய எடு ஆசாரி, கயித்த வுடு!" என்று தேவராஜ் கத்தினார். கயிற்றின் இழுப்பில் முளை அசையவில்லை. தம்பி கத்தியை எடுப்பதற்குள் படகு கவிழ்ந்தது. எங்கள் இருவரையும் வேறொரு படகு கரை சேர்த்தது. தம்பி கிடைக்கவேயில்லை.

"நீ கெட்டியாத்தான் அடிச்சிருந்த ஆசாரி" என்றார் தேவராஜ். அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

இப்போது தறி முளையைக்கூட, பாவை இழுத்துப் பிடிக்கும் கயிறு முழு விறைப்பில் இருக்கும்போது ஒரே தட்டில் கழல்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

"தறி எங்க ஆசாரி கவுந்துடப் போவுது?" என்று நெசவாளர்கள் சிரிக்கிறார்கள். நான் இன்னொரு முறை தட்டிப் பார்க்கிறேன்.