மொட்டைத் தலைக்கு மூன்று நாள்

பினாங்கில் நான் குடியிருக்கும் மாடி அறையின் சொந்தக்காரி ஒரு சீனத்து அம்மாள். ஞாயிறுதோறும் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மலாய் மொழியில் கேட்பாள்: "பெராப்பா லாமா?" எத்தனை நாள் இருப்பாய் என்று அர்த்தம். ஒன்பது வருஷமாகக் கேட்கிறாள். அது வெறும் குசலம், பதில்கூட வேண்டியதில்லை என்று துறைமுகத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். அவள்தான் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கி மேலே கொண்டுபோனாள். இன்றும் அந்தக் கேள்வி வந்தால் என் கண் பெட்டியைத் தேடுகிறது. அதே கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான்.

திருப்பதியில் ஒரு சத்திரத்துக் குமாஸ்தா வேலை. யாத்ரீகர்களுக்கு மூன்று நாள் இடம். நாலாம் நாள் காலி செய்யவேண்டும். மொட்டைத் தலையோடு வருபவர்களை அதிகம் விசாரிப்பதில்லை, எந்த ஊர், எத்தனை நாள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்வேன். அந்தப் பெண்ணும் ஆறு வயது மகளும் அப்படித்தான் வந்தார்கள். ஊர் நகரி என்றாள். பத்து நாள் கழித்து வந்து காணிப்பாக்கம் என்றாள். அப்புறம் வேலூர். ஒவ்வொரு தடவையும் புது மொட்டை, சந்தனம் வேறு. ஆனால் முதன்முதலாக முடி இறக்கிய தலை முகத்தைவிட வெளுத்திருக்கும். இவர்கள் தலைகளோ முகத்தைப் போலவே வெயிலில் கறுத்திருந்தன. பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

ஒருநாள் அவளாகவே சொன்னாள். சந்திரகிரி ரோட்டோரம் குடிசை. மலைக்கு வரும் பஸ்களுக்காக ரோட்டை அகலப்படுத்தினார்கள். பட்டா இல்லாத இடம், ஒரே காலையில் போய்விட்டது. வேலை தேடிப் போன புருஷன் திரும்பவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து தங்க ஊரே விரிந்துகொண்டிருந்தது. உள்ளூர்க்காரிக்கு அதில் இடம் வேண்டுமென்றால் யாத்ரீக வேஷம் போடவேண்டியிருந்தது. இதை அப்போது நான் யோசிக்கவில்லை என்றால் பொய். யோசித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஆறாம் தடவை அவள் வந்தபோது மேனேஜர் என் பக்கத்தில் நின்றிருந்தார். "எந்த ஊரு?" என்றேன். அவள் வாய் திறப்பதற்குள் குழந்தை நிமிர்ந்து கேட்டது: "யம்மா, இன்னிக்கி நம்ம ஊரு எது?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் நோட்டை மூடினேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில், "ஊருக்குப் போய்ச் சேரும்மா" என்றேன்.

"எந்த ஊருக்குப் போவச் சொல்றே சாமி? எனக்குத் தெரிஞ்ச ஊரு பேரெல்லாம் தீந்துபூட்ச்சி."

கோபமில்லாமல்தான் சொன்னாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். தெருவில் நூறு மொட்டைத் தலைகள். அதற்குள் அந்த இரண்டும் கலந்துவிட்டன.

பினாங்குக்கு வந்தபின் போன வருஷம்தான் ஊருக்குப் போனேன். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். சித்தூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் வேறு யாரோ. திருப்பதிக்குப் போய் முடி இறக்கிக்கொண்டு அதே சத்திரத்தில் நின்றேன். "ஏ ஊரு?" என்று தெலுங்கில் கேட்டார் புதுக் குமாஸ்தா. சித்தூர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் குழந்தை அன்று கேட்டது ஞாபகம் வந்தது. பினாங்கு என்றேன். என் வெளுத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்தியாக மூன்று நாள் எழுதினார். மூன்று நாளும் தெருவில் மொட்டைத் தலைப் பெண்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் தேடினேன். மகளுக்கு இப்போது பதினாறு வயதாவது இருக்கும்.

பினாங்கில் வந்திறங்கியபோது தலையில் முள்முள்ளாக முடி. சீனத்து அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்: "பெராப்பா லாமா?"

"தீகா ஹாரி" என்றேன். மூன்று நாள்.

சொல்லி ஆறு மாதமாகிறது. பெட்டியின் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.