நாலு வருஷம் கழித்துப் போன கல்யாண வாழ்த்து

ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் வைத்துப் பிழைத்த மங்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கே ஒரு குறியைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள். சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்துவிட்டுப் போனவர்களின் பின்னாலேயே போய்க் கேட்டு, அது குடும்பக் கட்டுப்பாடு என்று தெரிந்துகொண்டு வந்தாள். “அளவாப் பெத்துக்கன்னு சொல்றதுக்கு மூணு மூலை எதுக்கு?” என்றும் அவர்களையே கேட்டுவைத்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், புளி விற்கக் கணவன் சடையனோடு போளூருக்கு இறங்கியிருந்தாள். உறவுக்காரர் ஒருவருக்கு மணியார்டர் அனுப்பச் சடையன் தபால் ஆபீசுக்குள் போக, அவளும் கூடப் போனாள். அங்கே சுவரில் ஒரு பலகை. வரிசையாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி.

“இது இன்னா சார்?” என்று தந்தி குமாஸ்தா ராஜவேலுவைக் கேட்டாள்.

“வாழ்த்துத் தந்திம்மா. பொங்கலு, தீபாவளி, கல்யாணம், பரீட்சையில பாஸு, எல்லாத்துக்கும் வாசகம் முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க. நீ எண்ணைச் சொன்னாப் போதும். கம்பியில எண்ணுதான் போகும். அந்த ஊரு ஆபீசுல வாசகத்தை முழுசா எழுதிக் குடுத்துடுவாங்க.”

“அப்போ ஒரே வாழ்த்துதான் எல்லாருக்கும் போவுமா?”

“ஆமா.”

“வாங்கறவங்களுக்குக் கோவம் வராதா?”

ராஜவேலு சிரித்தார். “இது வரைக்கும் யாரும் வந்து கேக்கலம்மா.”

அவள் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கூட்டம் இல்லாத மத்தியானம். அவரும் படித்தார். முடிந்ததும் பலகையை இன்னொரு தரம் பார்த்தாள்.

“சண்ட தீந்துச்சு, வூட்டுக்கு வான்னு ஒண்ணு இல்லியா சார்?”

“அப்படி இல்லியேம்மா.”

அவள் தங்கை சாந்தம்மாள் ஆலங்காயத்துப் பையன் ராஜாக்கண்ணுவைச் சொல்லாமல் கட்டிக்கொண்டிருந்தாள். “என் வாசல்ல கால வெக்காதே” என்று மங்கம்மாள் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. இறங்கி வரச் சொற்கள் கிடைக்காமலே காலம் போய்விட்டது.

“கல்யாண வாழ்த்த கல்யாணத்தன்னைக்கேதான் அனுப்பணுமா?”

“அப்படி ரூலு எதுவும் இல்ல.”

“அப்போ அதையே அனுப்புங்க. எந்தங்கச்சி சாந்தம்மாளுக்கு. வாணியம்பாடியில இருக்குறா. வெலாசம்தான் தெரியாது.”

பக்கத்தில் நின்ற சடையன் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவின் பெயர், வீட்டு எண் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

“ஒனக்கு எப்பிடிய்யா தெரியும்?”

“வாணியம்பாடிக்குப் போனா பாத்துட்டுத்தான் வருவேன்” என்றான் சடையன். “கொழந்த ஒன்ன மாதிரியே இருக்குது.”

மங்கம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

வாணியம்பாடியில் தந்திக்காரரின் சைக்கிள் நின்றதுமே சாந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தந்தி என்றால் சாவு. அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெருவே கூடியது. தாளை விரித்தால் பூப்போட்ட ஓரம். பக்கத்து வீட்டுச் சகுந்தலா படித்துப் பார்த்து விழித்தாள்.

“கல்யாணம் ஆனவங்க ரொம்ப நாள் சந்தோசமா வாழணுமாம். யாருக்குடி கல்யாணம்? அடியில மங்கம்மாள்னு போட்டிருக்குது.”

சாந்தம்மாளின் அழுகை பாதியில் நின்றது. இடுப்பில் மூன்று வயசுக் குழந்தை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு மறுபடி அழுதாள்.

அடுத்த வாரம் பஸ் பிடித்து, மீதி தூரத்தை நடந்து, குழந்தையோடு மலைக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்றபடி, “உள்ள வரலாமாக்கா?” என்றாள்.

“அதான் தந்தி அடிச்சேனே.”

“அதுல வான்னு எங்க இருக்குது?”

“அந்தப் பலகையில அது இல்லடி. இருக்கறதுல எடுத்தேன்” என்று சொல்லி மங்கம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதன் காலில் சேறு அப்பியிருந்தது. கழுவிவிடத் தொட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனாள்.

சாந்தம்மாள் பத்து நாள் தங்கினாள். அடுத்த பிரசவத்துக்கும் அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள்.